வெள்ளை எழுத்தில் ஒரு மடல்

‘சரி’ என்ற ஒரு சொல்லைக் கேட்பதற்காக ஒருமுறை பதினொரு நிமிடம் காத்திருந்தேன். மடல் எழுதியவர் அந்த ஒரு சொல்லைத்தான் எழுதியிருந்தார். அதற்கு மேலே, ஒன்றரை மாதமாகப் பலர் மாறி மாறி எழுதிய கடிதங்கள் அத்தனையும் வெட்டப்படாமல் கிடந்தன. ஒவ்வொரு வரியின் முன்னாலும் அம்புக்குறிகள். என் கணினியின் குரல் அந்தக் குறியின் ஆங்கிலப் பெயரை ஒன்றுகூட விடாமல் படித்தது: கிரேட்டர், கிரேட்டர், கிரேட்டர். எல்லாம் முடிந்த பிறகு ‘சரி’. அதோடு விட்டதா என்றால் இல்லை. அவருடைய பெயர், பட்டம், முன்னாள் பதவி, மூன்று தொலைபேசி எண்கள், நட்சத்திரங்களால் ஒரு கோடு, கடைசியில் பொறுமையைப் பற்றி ஒரு பொன்மொழி.

எனக்குக் கண் தெரியாது. முப்பது வயதுவரை தெரிந்தது. பிறகு விழித்திரை நோயில் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, முப்பத்தாறில் முழுக்கப் போய்விட்டது. ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் என்ற ஊரில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துப் பேசும் வேலை செய்கிறேன். கணவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. இப்போது எனக்குப் புத்தகம், நாளிதழ், வங்கிக் கடிதம் எல்லாம் அந்தக் குரல்தான்.

கண் உள்ளவர்கள் பழைய கடிதத்தைப் பார்த்ததும் தாவிவிடுவார்கள். காது அப்படித் தாவாது. மடலின் கடைசிக்குப் போகும் பொத்தான் என்னிடமும் உண்டு. அழுத்தினால் பொன்மொழியில் போய் இறங்குவேன். அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறித் தேட வேண்டும். சிலர் நடுவில் எங்கோ ஒரு வரியைச் சொருகியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க வேறு வழியே இல்லை, முழுதும் கேட்டாக வேண்டும்.

ஜொகூரில் தமிழ்ப் புத்தகம் படிப்பவர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருக்கிறது. நூற்றைம்பது பேருக்கு மேல். வாட்ஸ்அப் வந்த பிறகும் அவர்கள் மின்னஞ்சலை விடவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் நீளமாக எழுத ஆசை. எனக்கும்தான். கண் போன பிறகு ஒரு கதையைப் பற்றி இன்னொருவரிடம் வாதாடக் கிடைத்த ஒரே இடம் அது. அதனால்தான் அத்தனை எரிச்சலிலும் வெளியேறாமல் இருந்தேன்.

குழுவின் நிர்வாகி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. மாதம் பிறந்தால் முதல் வேலையாக ‘மின்னஞ்சல் நாகரிகம்’ என்ற தலைப்பில் பதினெட்டு விதிகளை எல்லாருக்கும் அனுப்புவார். பொருள் வரியில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் முழுதும் பெரிய எழுத்தில் கத்தக் கூடாது. கூட்டத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் அதிலேயே சில விதிகள் உண்டு. பதிலை எப்போதும் பழைய கடிதத்துக்குக் கீழேதான் எழுத வேண்டும், மேலே எழுதுவது மரியாதைக் குறைவு. பழைய கடிதத்தை வெட்டிவிட்டு எழுதுங்கள் என்று அந்தப் பதினெட்டில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. மீறினால் எல்லார் முன்னிலையிலும் எழுதிக் கண்டிப்பார். ஒரு பெரியவர் இனிமேல் எழுதவே மாட்டேன் என்று போய்விட்டதும் உண்டு.

சேர்ந்த நான்காவது மாதம் குழுவுக்கு மூன்று வேண்டுகோள் வைத்தேன். பழைய கடிதத்தில் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். படம் அனுப்பினால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி தட்டச்சு செய்யுங்கள். தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை என் குரல் சீனமா மலாய்மொழியா என்று தெரியாத மாதிரி படிக்கிறது. இவ்வளவுதான். பணிவாகத்தான் எழுதினேன். இப்போது நினைத்தால் அந்தப் பணிவின் மீதும் கோபம் வருகிறது.

சகோதரியின் வேண்டுகோளைக் கருத்தில் கொள்வோம் என்று நிர்வாகி பதில் போட்டார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒன்பது கும்பிடு. கூப்பிய கைகள், கூப்பிய கைகள் என்று குரல் ஒன்பது தடவை சொன்னது. ஒருவருக்காக நூற்றைம்பது பேர் பழக்கத்தை மாற்ற வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதையும் குரல்தான் எனக்குச் சொன்னது. இது எனக்குக் கேட்கும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை. மாறாக நிர்வாகி படம் செய்யக் கற்றுக்கொண்டார். வாழ்த்து, அறிவிப்பு, இரங்கல், எல்லாம் பூ வைத்த படமாக வரத் தொடங்கின. என் குரலுக்கு அவை எல்லாம் ஒன்றுதான்: கிராஃபிக், ஐ, எம், ஜி, அதன்பின் ஒரு நீண்ட எண். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் செயலி ஒன்றும் என்னிடம் உண்டு. அச்சடித்த ஆங்கிலம் என்றால் தடுமாறாமல் படிக்கும். வளைத்து நெளித்துப் பூவேலை செய்த தமிழைக் காட்டினால், மஞ்சள் பின்னணியில் மலர்கள் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். முதல் பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதினேன். ஒவ்வொன்றும் காலை வணக்கம், அல்லது யாருக்கோ பிறந்தநாள். பிறகு கேட்பதை விட்டேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழுவினர் நேரில் கூடுவார்கள். கூலாயில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் டியூஷன் சென்டர் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கொடுப்பார்கள். அந்தத் தடவை என்னைப் பேச அழைத்திருந்தார்கள். தொழிற்சாலைப் பேருந்தில் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி உள்ளூர்ப் பெண் ஒருவர் எழுதிய சிறுகதைகள். பன்னிரண்டு நிமிடம். குறிப்பைப் பார்த்துப் படிக்க முடியாது என்பதால் முழுதும் மனப்பாடம் செய்தேன். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். கணவருக்கே பாதி உரை வாய்க்கு வந்துவிட்டது.

அன்று அவருக்கு வேலை. ஆலையில் லாரி வரிசை, விட்டுவர முடியாது. நான் தனியாகப் புறப்பட்டேன். ஆர்வத்தில், பிடிக்க வேண்டிய பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். எட்டரைக்கெல்லாம் கூலாய். நிலையத்தில் வாடகைக் கார் எடுத்து, கடைவரிசையில் இறங்கி, கோலைத் தட்டிக்கொண்டு படிக்கட்டைக் கண்டுபிடித்து மேலே ஏறினேன். இரும்புக் கதவு இழுத்து மூடியிருந்தது. கையால் தடவியபோது பூட்டு கிடைத்தது. சீக்கிரம் வந்துவிட்டேன், திறப்பார்கள் என்று படியில் உட்கார்ந்தேன்.

ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. கீழே ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சீனர் படியேறி வந்து, இன்று யாரும் சாவி வாங்க வரவில்லையே என்று மலாயில் சொன்னார். அவரே கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து, கடை வாசலில் முக்காலி போட்டு, ஒரு பொட்டலம் சோயாப் பாலும் கொடுத்தார். நிர்வாகிக்கு நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. கூட்டத்தில் கைப்பேசியை அமைதியில் வைக்க வேண்டும் என்பது பதினான்காவது விதி. அப்படியானால் கூட்டம் எங்கோ நடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வேறு யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. பதினொன்றரை வரை பெயிண்ட் வாசனையில் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினேன். மனப்பாடம் செய்த உரை வழியெல்லாம் தானாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை.

மறுநாள் காலை கூட்டக் குறிப்பு வந்தது. அதை மட்டும் எழுத்தில் போட்டிருந்தார்கள். கூட்டம் செனாயில் ஒரு மண்டபத்தில் நடந்திருக்கிறது. இடம் மாறிய அறிவிப்பு வியாழக்கிழமையே போனதாம். தேடிப் பார்த்தேன். ‘இனிய காலை வணக்கம்’ என்ற பொருள் வரியில், ஒரு கிராஃபிக். பழைய வாழ்த்து மடலுக்கே பதிலாக அந்தப் படத்தை ஒட்டி அனுப்பியிருந்தார். பொருள் வரியில் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று மாதாமாதம் எழுதுகிறவர்.

அதையும் பொறுத்திருப்பேன். குறிப்பின் நடுவில் ஒரு வரி வந்தது: ‘உரையாற்ற ஒப்புக்கொண்டிருந்த சகோதரி முன்னறிவிப்பின்றி வராததால், அந்த நேரத்தில் கவிதைகள் வாசிக்கப்பட்டன.’

அந்த வரியை மூன்று முறை படிக்க வைத்தேன். குரலுக்குக் கோபம் தெரியாது. மூன்று முறையும் அதே சுருதியில் படித்தது.

அன்று மாலை வேலை விட்டு வந்ததும் கணினி முன் உட்கார்ந்தேன். எழுத்தின் நிறத்தை மாற்ற எனக்குத் தெரியும். பட்டியலைத் திறந்தால் குரல் ஒவ்வொரு நிறத்தின் பெயரையும் சொல்லும். வெள்ளை என்று சொன்னதும் அழுத்தினேன். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் கிடையாது, எந்த நிறமாக இருந்தாலும் குரல் படித்துவிடும். ஒரு பக்கத்துக்கு எழுதினேன். முன்னறிவிப்பு இல்லாமல் இருந்தது நான் அல்ல, முன்னறிவிப்பு எனக்குத்தான் வரவில்லை என்று எழுதினேன். பூட்டைப் பற்றியும் முக்காலியைப் பற்றியும் எழுதினேன். என்னை யாரென்றே தெரியாத ஒரு கடைக்காரருக்கு இருந்த நாகரிகம் பதினெட்டு விதி போட்டவர்களுக்கு இல்லை என்று எழுதினேன். கடைசியில், இத்தனை பேர் உள்ள இந்தக் குழுவில் எனக்காக இரண்டு வரி தட்டச்சு செய்ய ஒரு மனிதர்கூட இல்லை என்றும் எழுதினேன்.

கணவரைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னேன்.

“ஒன்னுமே இல்லியே லா. வெறும் வெள்ளையா இருக்கு.”

“அப்படித்தான் இருக்கணும்” என்று சொல்லி மடலைக் குழுவுக்கு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. உங்கள் மடல் வெறுமையாக வந்திருக்கிறது சகோதரி, மறுபடி அனுப்பவும். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. இணைப்பு விட்டுப்போய்விட்டதா? எல்லாரும் விதிப்படி கீழேதான் எழுதியிருந்தார்கள். மேலே என்னுடைய முழு மடல். ஒவ்வொரு பதிலுக்கும் என் கோபத்தையே முதலிலிருந்து கடைசிவரை குரல் எனக்குப் படித்துக் காட்டியது. நான் ஒரே ஒரு வரி திருப்பி எழுதினேன்: ‘எனக்கு நன்றாகக் கேட்கிறதே, உங்களுக்கு என்ன சிரமம்?’

கைப்பேசித் திரையைக் கறுப்பாக வைத்திருந்த சிலருக்கு மட்டும் மடல் தெரிந்திருக்கிறது. அவர்களில் ஒருவர், விரலால் அழுத்தி எழுத்தைத் தேர்ந்தெடுங்கள், தெரியும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு குழு ஒரு நாள் முழுக்க மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. பலகாரம் தின்ற மாதிரி இருந்தது.

புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. சாஆ என்ற ஊரிலிருந்து பேசுகிறேன், உங்கள் எண் இன்றுதான் கிடைத்தது என்றது ஒரு பெண் குரல். குழுவில் அவர் எழுதும் மடல்களை எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அளந்து எழுதுகிறவர். குரலை அப்போதுதான் கேட்டேன். பசியாறியாச்சா என்று கேட்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

“ஒரு மனிதர்கூட இல்லன்னு எழுதியிருக்கீங்க. நான் அனுப்புனேன்மா. வெள்ளிக்கிழமயே அனுப்புனேன்.”

எனக்கு எதுவும் வரவில்லை என்றேன்.

“வந்திருக்கும். நல்லா பாருங்க. ஒம்பது மணிக்கு கூலாய் பஸ் ஸ்டேஷன்ல நிக்கிறேன், சேர்ந்து செனாய் போலாம்னு எழுதுனேன். பத்து மணி வரைக்கும் நின்னேன். கோலு வச்சிருக்கவங்க யாரு எறங்கினாலும் ஓடி ஓடிப் போயி பாத்தேன்.”

தேடிவிட்டு அழைக்கிறேன் என்றேன். மாலை வந்து நீக்கிய மடல்களில் தேடினேன். இருந்தது. நான் எப்போதோ குழுவுக்கு எழுதிய ஒரு மடலுக்குப் பதிலாக எனக்கு மட்டும் அனுப்பியிருந்தார். பொருள் வரி, ‘பழைய புத்தகங்கள் விற்பனைக்கு’. வெள்ளிக்கிழமை அதைத் திறந்த ஞாபகம் வந்தது. கிரேட்டர், கிரேட்டர் என்று தொடங்கியதும், யார் யாரோ புத்தகம் கேட்டு எழுதிய பழைய சங்கதி என்று இரண்டு நிமிடத்தில் நீக்கிவிட்டிருந்தேன். இப்போது முழுதும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் கீழே, மூன்றே வரி. இடம் மாறிவிட்டது. படத்தில் போட்டிருப்பதால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். ஒன்பது மணிக்குக் கூலாய் பஸ் நிலையத்தில் நிற்கிறேன், சேர்ந்து செனாய் போகலாம்.

நான் எட்டரைக்கே இறங்கிப் போய்விட்டேன். அவர் ஒன்பதுக்கு வந்திருக்கிறார்.

அவரைத் திருப்பி அழைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தேன், ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு.

“ஏன் டீச்சர் கீழ எழுதுனீங்க? எனக்கு மட்டும்தானே எழுதுனீங்க, மேல எழுதியிருந்தா மொத வரியே கேட்டிருக்குமே.”

அவர் காரணம் சொன்னார். குழுவில் சேர்ந்த புதிதில் ஒரு பதிலை மேலே எழுதிவிட்டாராம். நிர்வாகி எல்லார் முன்னிலையிலும், ஆசிரியராக இருந்தவர்களே விதியைப் படிக்காவிட்டால் மற்றவர்களை என்ன சொல்வது என்று எழுதியிருக்கிறார்.

“முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களுக்குக் கடிதம் எழுத சொல்லிக் குடுத்தவ நான். அன்னிலேருந்து யாருக்கு எழுதுனாலும் கை தானா கீழ போயிருது.”

அவர் குரல் நடுங்கியது. அழுகை என்று முதலில் நினைத்தேன். இல்லை, அதுவும் கோபம்தான், என்னுடையதைவிடப் பழைய கோபம். அதற்குப் பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். அவர் இரண்டு வரிக்கு மூன்று வரியாகவே எழுதினார், ஒரு மணி நேரமும் நின்றார். நான்தான் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கப் பொறுமையில்லாமல் தூக்கிப் போட்டேன். அந்தக் குற்றத்தை நிர்வாகி தலையில் கட்ட எவ்வளவோ முயன்றேன், பாதிதான் அங்கே ஒட்டியது.

அன்றே குழுவுக்கு இன்னொரு மடல் எழுதினேன். ஒரு மனிதர்கூட இல்லை என்று எழுதியது பொய், ஒருவர் இருந்தார், அவரிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன், மற்ற வரிகளில் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை என்று எழுதினேன். அது போய்ச் சேரவில்லை. என் மடல்களை இனி நிர்வாகி படித்துப் பார்த்த பிறகே குழுவுக்கு விடுவார் என்று தானியங்கிப் பதில் வந்தது.

அவருக்கு அழைத்தேன். இந்த முறை எடுத்தார். குழு ஒழுங்குக்காகத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னார். வெள்ளை எழுத்து விளையாட்டு எத்தனை பேரை அவமானப்படுத்தியது தெரியுமா என்று கேட்டார். நான் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அந்தப் படத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சும்மா எனக்கு. கண்ணாடி போட்டும் சரியா தெரியல. பூவெல்லாம் ஒன்னு ஒன்னா நானே வச்சேன்.”

“அதுல இருந்தத டைப் பண்ண ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும்ங்க ஐயா.”

பூ வைத்த மனிதர் மீது ஒரு கணம் பரிதாபம் வந்தது, மறுக்க மாட்டேன். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை சுலபமாக முடிந்திருக்கும். கூட்டக் குறிப்பில் என்னைப் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். ஒருமுறை அனுப்பிய குறிப்பைத் திருத்துவது வழக்கமில்லை என்றார். பரிதாபம் போய்விட்டது.

என் மன்னிப்பு மடலை நான்கு நாள் கழித்துத்தான் குழுவுக்கு விட்டார். அடுத்த படம் வந்த அன்று சாஆ டீச்சர் ஒரு வேலை செய்தார். படத்தில் இருந்ததை அப்படியே தட்டச்சு செய்து, பழைய கடிதத்தை முழுக்க வெட்டிவிட்டு, மடலின் முதல் வரியிலேயே போட்டு எல்லாருக்கும் அனுப்பினார். நிர்வாகி விதியை நினைவூட்டினார். டீச்சர் அடுத்த படத்துக்கும் அப்படியே செய்தார். மறுபடி நினைவூட்டல். மூன்றாவது தடவை இன்னும் இரண்டு பேர் மேலே எழுதினார்கள், கட்டைவிரல் உயர்த்தியவர்களில் ஒருவர் உட்பட. நிர்வாகி சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். பதினெட்டு விதியும் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஓர் எழுத்தும் மாறாமல்.

அடுத்த கூட்டம் அதே டியூஷன் சென்டரில். டீச்சர் பஸ் நிலையத்தில் என் முழங்கையைப் பிடிக்காமல், தன் முழங்கையை நான் பிடித்துக்கொள்ளக் கொடுத்தார். கண் தெரியாதவர்களை அப்படித்தான் அழைத்துப் போக வேண்டும் என்று எங்கோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். படியேறி உள்ளே போய் உட்கார்ந்ததும் நிர்வாகி பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு அவர் தைலத்தின் வாசனை வந்தது.

“கோவம் போச்சாம்மா?”

“போகலைங்க ஐயா. அந்த வரி இன்னும் குறிப்புல இருக்கு.”

நாற்காலி ஒன்றை அவர் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அடுத்து நீங்கதான் பேசணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எழுந்து பேசினேன். தொழிற்சாலைப் பேருந்தைப் பற்றி, அதில் நின்றுகொண்டே தூங்கும் பெண்களைப் பற்றி. பன்னிரண்டு நிமிடத்துக்குப் பதில் இருபது ஆகிவிட்டது. நேரம் முடிந்தால் மணி அடிக்கச் சொல்லும் விதி ஒன்று உண்டு, யாரும் அடிக்கவில்லை. என் மடல்கள் இப்போதும் அவர் கையைத் தாண்டித்தான் போகின்றன, ஒருநாள் தாமதமாக. பழைய குறிப்பில் உள்ள அந்த வரியை எடுக்கச் சொல்லி மாதம் ஒரு தடவை அவருக்கு இரண்டு வரி எழுதுகிறேன். அவர் பதில் போடுவதில்லை.